தீத்திப்போட்ட மீன்

மீனைக் குழம்பில் மட்டுமே அறிந்த எங்களிடம் குளத்து மீனை ஒப்படைத்துவிட்டுப் போனார் அந்த அம்மா. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். எண்பதுகளில் பாரிஸின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், இலங்கையிலிருந்து வந்த நாங்கள் இருந்த கட்டடத்தின் கீழ்வீடு அவருடையது. பாண்டிச்சேரிக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பின்முற்றத்துத் தோட்டத்தில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சின்னக் குளம். கணவர் இறப்பதற்கு முன் வாங்கி விட்ட சிவப்பு மீன்களில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதைப் 'பெரியவர்' என்றுதான் சொல்வார்.

இலையுதிர் காலத்தில் அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. வீட்டுத் திறப்பை, அவர் பேச்சில் சாவியை, எங்களிடம் தந்தார். குளத்தில் விழும் இலைகளை அள்ள வேண்டும், அழுகினால் தண்ணீர் கெட்டுவிடும். மேலே வலை விரிக்க வேண்டும்.

"குளிர் வந்துட்டா சாப்பாட்ட நிறுத்திடணும் தம்பி. மறந்துடாதீங்க."

என்னோடு அறையில் இருந்த அண்ணைக்கு உணவகச் சமையலறையில் வேலை. இலை அள்ளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த ஈர இலை மணத்துக்கு இப்போதும் ஏங்குகிறேன். ஆனால் சாப்பாட்டை நிறுத்த மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. குளிர் இறங்கிய பிறகும், "வாயைத் திறந்துகொண்டு நிக்குது, பாவமடா" என்று பாண் ரொட்டியைப் பிய்த்துப் போடுவார். நான் சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

ஒருநாள் கீழ்வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா. அண்ணைதான் எடுத்தார். மீன் எப்படி என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அம்மா. காலமையே தீத்திப்போட்டன்."

மறுமுனையில் எழுந்த அலறல் எனக்கே கேட்டது. "தீத்துட்டியா? ஐயோ, கொழம்பு வச்சுட்டியாடா?"

நான் பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினேன். "அம்மா, எங்கட ஊரிலை தீத்திறதெண்டால் சாப்பாடு ஊட்டுறது!"

அலறல் நின்றது. மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம் தொடங்கியது வசவு.

"குளிர்ல அதுக்குச் செரிக்காதுப்பா. வயித்துலயே அழுகிடும். நீங்க சொல்ற தீத்துறதும் நாங்க சொல்ற தீத்துக்கட்டுறதும் இப்போ ஒண்ணுதான்!"

அன்று முதல் அண்ணை கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் குளத்தடிக்குப் போனார். சில நாளில் மீன் அடியில் போய்ப் படுத்துவிட்டது. அசைவே இல்லை. தான்தான் கொன்றுவிட்டதாக நினைத்து அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அம்மா ஊன்றுகோலோடு வந்தார். வலையை விலக்கச் சொல்லி, குனிந்து வெகுநேரம் பார்த்தார். செவுள் மெல்ல ஒருமுறை திறந்து மூடியது.

"இருக்காரு" என்றார். என்றவர் வாய்விட்டே அழுதார். பிறகு அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார். "குளிர்ல அவரு இப்படித்தான் அசையாம படுத்துக் கெடப்பாரு. பட்டினி போட்டதாலதான் பொழைச்சாரு. அடுத்த வருஷமும் நீதான் பாத்துக்கணும்."

அண்ணை தலை குனிந்தபடியே சொன்னார்:

"இலை அள்ளுறன், வலை போடுறன், எல்லாம் செய்யிறன் அம்மா. பசிச்ச வாயைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கிற வேலையை மட்டும் என்னட்டைத் தராதேங்கோ."