ஞானமுத்து சாரை நம்பியவர்கள்

செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, எனக்குப் போன் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். எடுத்தால் பூந்தமல்லி ஏகாம்பரம். "அம்மா, நம்ம சார் பூட்டாரும்மா" என்றார். எந்த சார் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒருவர்தான் இருந்தார். "காத்தால பால்காரன் கூப்ட்டுகினே இருந்தானாம், கதவு தொறக்கல. தூக்கத்துலயே பூட்டாரு போல கீது. பக்கத்து ஊட்டுல என் நம்பரத்தான் குடுத்து வச்சிருந்தாரு. நீ வந்துடும்மா."

அம்பத்தூரில் கார் செய்யும் எங்கள் கம்பெனியில், வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் மேலாளராக இருந்தவர் ஞானமுத்து அவர்கள். பழைய ஊழியர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். அவருடன் இருந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு, ஒரு வண்டியின் மேல் போன நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவர ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போனார் என்பதாவது தெரியட்டும்.

நான் எண்பதுகளின் நடுவில் அங்கே சேர்ந்தேன். பி.ஏ. முடித்து டைப்ரைட்டிங்கும் தேறியிருந்தேன். கம்பெனி அப்போதுதான் ஒரு புது மாடல் வெளியிட்டிருந்தது. முதல் வருடம் ஜனங்கள் முன்பணம் கட்டிவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த வருடம் புகார் சொல்வதற்காக எங்கள் அறை வாசலில் காத்திருந்தார்கள்.

அப்படி வந்தவர்தான் ஏகாம்பரம். பாரிவாக்கத்தில் பல தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலத்தில் ஒரு துண்டை விற்று எங்கள் வண்டியை வாங்கி, பூந்தமல்லி ஸ்டாண்டில் டாக்சியாக ஓட்டிக்கொண்டிருந்தார். அதை ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குக் கொடுத்திருக்கிறார். பூ ஜோடித்த வண்டி, முன்னால் மேளக்காரர்கள், அவர்கள் நடக்கிற வேகத்துக்குப் பின்னால் ஊர்ந்து போக வேண்டும். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து, ஆவி கிளம்பி, வண்டி நின்றுவிட்டது.

"மாப்ள எறங்கி நடந்தாரு சார்" என்றார் ஏகாம்பரம். "மால, கண்ணு மையி, அல்லாம் போட்டுகினு நடந்தாரு. பொண்ணு ஊட்டுக்காரன் என்னாண்ட வந்து, இதுக்கு மாட்டு வண்டி வச்சிருக்கலாமேன்றான். மறு வாரம் அந்த ஊட்டுப் பெருசு தவறிடிச்சு. அதுக்கும் என் வண்டிதான் காரணமாம். இப்ப ஒரு கல்யாணத்துக்கும் என்ன கூப்ட மாட்றாங்க. நெலத்தையும் வித்துட்டு நான் இன்னா சார் பண்ணுவேன்?"

அவர் போன பிறகு, வழக்கமாக எழுதுகிறபடி, 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று பதில் அடித்துக்கொண்டுபோய் வைத்தேன். சார் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். அந்த ஊர்ப் பேச்சு அவரைவிட்டுப் போகவே இல்லை.

"ஏம்மா, மாப்பிள்ளைக் கோலத்துல ஒருத்தன் ஊர் முன்னால எறங்கி நடந்திருக்கான். அதுக்குப் பேரு அசௌகரியமா?"

"வேற என்ன சார் எழுதறது?"

"எங்க வண்டி நின்னு போச்சுன்னு எழுதுங்க. மொதல்ல அத ஒத்துக்கிடுவோம்."

வடிவமைப்புப் பிரிவில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகமாகவும் ஓட்டிப் பார்த்தாயிற்று, கார் ஓடுவதற்குச் செய்தது, ஊர்வலம் போவதற்கு அல்ல என்றார்கள். "நம்ம ஊர்ல கார் வாங்குதவன் ஒரு நாளாவது அத ஊர்வலத்துக்குக் குடுப்பான் சார். அவசரத்துக்குக் குடுக்க மாட்டேன்னாலும் கல்யாணத்துக்குக் குடுப்பான்" என்று இவர் சொன்னது அங்கே ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

மே மாதத்து வெயிலில் சாரே செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு வண்டியைக் கொண்டுபோனார். மெக்கானிக்குகள் இரண்டு பேர் முன்னால் நடக்க, அவர் பின்னால் ஊர்ந்து ஓட்டினார். குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். "சார், மேளத்துக்கு ஆள் சொல்லலியா?" என்றார் ஒரு மெக்கானிக். "ஒன் வாய் போதும்லா, வாசிச்சிக்கிட்டே நட" என்றார் சார். கொஞ்ச நேரத்தில் வண்டி கொதித்து நின்றது. இறங்கி வந்து ஆவியைப் பார்த்தவர், "நல்லவேளை" என்றார். தன் கம்பெனி வண்டி நின்றுபோனதற்கு ஒருவர் அவ்வளவு நிம்மதி அடைந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குறிப்பைக் காட்டிய பிறகு வடிவமைப்புப் பிரிவில் பெரிய விசிறியும் வேறு ரேடியேட்டரும் போட்டுக் குறையைச் சரிசெய்தார்கள். விற்ற வண்டிகளுக்கும் கம்பெனி செலவிலேயே மாற்றித் தர வேண்டும் என்று மேலிடத்தோடு போராடி வாங்கிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து, ஏகாம்பரத்திடம் இனிமேல் கல்யாணத்துக்கு எடுக்கலாம் என்று சொல்ல பூந்தமல்லி ஸ்டாண்டுக்கே போனோம்.

ஏகாம்பரம் அசையவில்லை. "ஏரிக்கரைல காலியா உருட்டிக்கினு போனா அது வெறும் வண்டி சார். மாப்ள குந்திட்டா அது வேற. ஒண்ணு சொல்றேன். உங்க கம்பெனில எவனாச்சும் ஒத்தன் தன் ஊட்டு மாப்ளைய இதுல குந்த வைக்கட்டும். நான் கண்ணால பாக்கறேன். அப்பால பேசலாம்."

கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் சாரைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து கம்பெனியில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் போய்க் கேட்டார். வண்டி தருகிறேன், நானே ஓட்டுகிறேன், ஒரு மணி நேர ஊர்வலம்தான் என்றார். ஒருவர் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். ஒருவர் சம்பந்தி வீட்டில் ஏற்கெனவே வண்டி பேசிவிட்டார்கள் என்றார். அந்த வண்டியைத் தங்கள் கையால் செய்தவர்கள்தான் இவர்கள். நாளாக ஆக, கல்யாணப் பத்திரிகையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக அவருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். சிலர் அவர் மேசையில் இல்லாத நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பெரிய அதிகாரி ஒருவரின் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வேறு கம்பெனி வண்டியில்தான் வந்து இறங்கினார். சார் அதற்கும் போய், சாப்பிட்டு, பரிசு கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரு சாயங்காலம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது அவராகவே, "எனக்குன்னு ஒரு பையன் இருந்திருந்தா ஒருத்தர்ட்டயும் போய்க் கேட்டிருக்க வேண்டாம்லாம்மா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குள் ரயில் வந்துவிட்டது.

என் தம்பி சேகருக்குப் பெண் நிச்சயமானது அந்த வருடம் ஐப்பசியில். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த நாங்கள், அப்பா இறந்த பிறகு திருநின்றவூருக்கு வந்திருந்தோம். வீட்டில் இதைப் பற்றிச் சொன்னேன். "நான் உக்கார்றேன்க்கா. நின்னா எறங்கி நடக்கறேன், கால் இல்லியா என்ன?" என்றான் சேகர்.

அம்மா, "நடப்பானாம். உங்கப்பா இல்லாம இந்த வீட்ல நடக்கற மொத நல்ல காரியம். அதுலதான் இவங்க கம்பெனி பரீட்சை வைக்கணுமா?" என்றார்.

சாரே வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "நிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. மிஷினுக்கு யாரும் சத்தியம் பண்ணக் கூடாது. ஆனா ஓட்டுதது நான்தான். நின்னா அத்தன பேர் முன்னாலயும் என்னத்தான் நீங்க ஏசணும். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க, ஒரு வருத்தமும் இல்ல."

அம்மா காலி டம்ளரை எடுத்துவைத்தார். பிறகு, "நீங்களே ஓட்டறதா இருந்தா சரி" என்றார்.

கார்த்திகையில் கல்யாணம். பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை ஊர்வலம். சாரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் கண் சாலையிலும் சூடு காட்டும் முள்ளிலுமாக மாறி மாறிப் போனது. அழைக்காமலேயே பூந்தமல்லியிலிருந்து ஏகாம்பரம் வந்திருந்தார். வண்டியின் இன்ஜின் மூடி மேல் உள்ளங்கையை வைத்தபடி கூடவே நடந்தார்.

"என்னண்ணே, ஜுரம் பாக்கறீங்களா?" என்றான் சேகர் உள்ளேயிருந்து.

"மாப்ளே, நீ நேரா பாத்துகினு குந்து. போட்டோ புடிக்கிறான்."

கடைத்தெரு முனையில் பையன்கள் ஆட ஆரம்பித்து மேளத்தை நிறுத்திவைத்துக்கொண்டார்கள். நகர விடவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்தது எனக்கு வலித்தது. வண்டி கொதிக்கவில்லை. மண்டப வாசலில் சேகர் இறங்கி ஆரத்திக்கு நின்றபோது சார் இன்னும் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

பந்தியில் ஏகாம்பரம் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்: "வர்ற தைல நான் எடுத்துக்கறேன் சார். ஸ்டாண்டுலயும் சொல்லிடறேன். ஆனா ஒண்ணு, உங்க வண்டிய நம்பி இல்ல. உன்ன நம்பி." எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டார்: "வண்டி ஜெயிச்சுதா, நான் ஜெயிச்சேனா, தெரியலியேம்மா."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்."

"இல்லம்மா. நான் ரிட்டயர் ஆயிருவேன். வண்டி ஓடணும்லா."

அதன் பின் சில வருடங்கள் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அந்த வண்டி மறுபடியும் தென்பட்டது. விற்பனையும் கொஞ்சம் நிமிர்ந்தது. ஆனால் வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் ஜனங்கள் சேவைப் பிரிவுக்குப் போன் செய்யவில்லை, "ஞானமுத்து சார் இருக்காரா?" என்று கேட்டார்கள். அவர் தன் உதவியாளரின் பெயரைச் சொல்லி, "என்னவிட நல்லாப் பாப்பாரு, அவரக் கேளுங்க" என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த தடவையும் இவரையே கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் வெளிநாட்டுப் பெயர் கொண்ட வண்டிகள் வந்தன. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். அவர் ஓய்வு பெற்று, பட்டாபிராமில் ஒரு சிறிய வீட்டில் வாடகைக்கு இருந்தார். விற்பனை மறுபடியும் விழவே, கம்பெனி நெடுஞ்சாலை ஓரங்களில் எங்களை நம்புங்கள் என்று பெரிய பெரிய பலகைகள் வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அந்தப் பேச்சு வந்தது. "நம்புங்கன்னு கேட்டா யாரும்மா நம்புவா? இத நான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கணும். எல்லாத்தையும் நானே போய்ப் பாத்தேன்லா, அது தப்பாப் போச்சு" என்றார். அதைத் தப்பு என்று இன்றுவரை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இல்லை என்று மறுக்கவும் முடியவில்லை.

ஏகாம்பரமும் வண்டியை மாற்றினார். புதிதாக வாங்கிய வேறு கம்பெனி வண்டியை இனிப்போடு நேரே சாரிடம்தான் கொண்டுவந்து காட்டினாராம். சார் சுற்றிப் பார்த்து, நல்ல வண்டி என்றிருக்கிறார். "நீ இல்லாத கம்பெனில எனக்கு யாரத் தெரியும் சார்?" என்றாராம் ஏகாம்பரம். இதை என்னிடம் சொல்லிவிட்டு சார் எழுந்துபோய்த் தேநீர் போட்டார். நெடுநேரம் உள்ளேயே இருந்தார்.

புதன்கிழமை அடக்கம். நாசரேத்திலிருந்து சாரின் அண்ணன் மகன் காலை ரயிலில் வந்திறங்கினார். சித்தப்பாவுக்கு யாரும் இல்லை, நாலு பேர் கிடைப்பார்களா என்ற கவலையோடு வந்ததாகச் சொன்னார். தெரு முழுக்கக் கார்கள் நின்றன. எங்கள் கம்பெனி வண்டி ஒன்றுகூட இல்லை. வந்தவர்களில் பலருக்கு ஒருவரையொருவர் தெரியாது. எனக்குத் திருவள்ளூர் ரோட்டில் வண்டி நின்றது, எனக்கு ஆவடி கேட்டில் நின்றது என்றுதான் அறிமுகம் செய்துகொண்டார்கள். அண்ணன் மகன் குழம்பிப்போய், "நீங்கள்லாம் சித்தப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

 ஏகாம்பரம்தான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒறவுன்னு ஒண்ணும் இல்ல சார். எங்க வண்டி அல்லாம் வழில நின்னிச்சு. அப்ப வந்தவரு."

கல்லறையில் பாதிரியார் உறவினர்கள் மண் போடலாம் என்றார். அண்ணன் மகன் போட்டார். அவர் விலகி, எங்களைப் பார்த்து வழிவிட்டார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்ப் போட்டோம்.

சார், உங்களை நம்பியவர்கள் எல்லோரும் வந்திருந்தோம். நீங்கள் எங்களை நம்பச் சொன்னது உங்களை அல்ல, வண்டியை என்று எனக்குத் தெரியும். எங்களால் முடிந்தது அவ்வளவுதான். போய் வாருங்கள்.