நாலு டன் பீரங்கி

இருபது வருடம் பட்டாளத்தில் பீரங்கியோடு மாரடித்தவருக்கு மச்சானைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவன் பீரங்கிக் கம்பெனியில் விற்பனை அதிகாரி. வாய் வலிக்காமல் பேசுவான். அன்று சாப்பாட்டு மேசையிலேயே புதுப் பீரங்கியின் படத்தை விரித்தான்.

“பழசுல பாதி எடைதான் அத்தான். நாலே டன்!”

“நாலு டன்ன சேத்துல தள்ளிப் பாத்திருக்கியாடா? சுட்ட கையோட இடத்த மாத்தலைன்னா எதிரி குண்டு நம்ம தலையில. தள்ளித் தள்ளியே என் முட்டி போச்சு.”

“தள்ளவே வேணாம். ஹெலிகாப்டர் தூக்கிட்டுப் போயிடும்.”

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“தூக்கிச்சு. மலை உச்சியில எங்கள சுத்தி குண்டு விழுறப்ப வந்து, பீரங்கிய மட்டும் தூக்கிச்சு. கொக்கிய மாட்டிவிட்டதே நான்தான். ஏழு பேர்ல உயிரோட கீழ வந்தது ரெண்டு பேரு.”