மப்ளருக்குள் மூன்று நாட்கள்

முதலில் எரிவு மட்டும்தான் இருந்தது. வலது காதின் கீழிருந்து தோள்மூட்டு வரை, சட்டைக் கொலர் பட்ட இடமெல்லாம் சுட்டது. மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தபோது சிறு கொப்புளங்கள் வரிசையாக எழும்பியிருந்தன. அக்கி (சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் என்ற சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து முதுமையில் வெளிவருவது) என்று உடனே தெரிந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பித்தவன். தெரிந்தும், மப்ளரை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கீழே டனிலோ இருந்தான். ஆறு வயது. குருதிப் புற்றுநோய். உக்ரேனில் அவனுக்கு மருந்து ஏற்றிய ஆஸ்பத்திரியில் குண்டுவீச்சால் மின்சாரம் நின்று நின்று வந்ததால், ஒரு தொண்டு நிறுவனம் அவனையும் தாய் ஒக்சானாவையும் லண்டனுக்குக் கொண்டுவந்தது. தகப்பன் நாட்டைவிட்டு வர முடியவில்லை. லண்டனின் தென்பகுதியான சட்டனில் எங்கள் வீடு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. பிள்ளைகள் கல்யாணம் செய்து போனபின் மேலறை சும்மா கிடந்தது. தொண்டு நிறுவனத்தின் ஹெலன் கேட்டதும் நானும் மனைவி பரமேசும் சம்மதித்தோம்.

ஹெலன் தந்த தாளில் கையெழுத்தும் போட்டிருந்தேன். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பது அதில் முதல் வரி. வேதிச் சிகிச்சை (புற்றுக் கலங்களைக் கொல்லும் மருந்து, உடம்பின் காவலையும் அது குறைத்துவிடும்) பெறும் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் தொற்றினால் உயிரே போகலாம். அக்கியிலிருந்தும் அது தொற்றும்.

ஏன் மறைத்தேன்? சொன்னால் அவர்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள், இப்போதுதான் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கினான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் எழுதுகிறேன். அகதியாக வந்தவர் இன்னொரு அகதிக்குக் கதவு திறந்தார் என்று கோயிலில் என்னைப் பற்றிச் சொன்னார்கள். அந்தப் பெயரை இழக்க எனக்கு மனமில்லை. அதோடு, அக்கிக்குத் தடுப்பூசி போட வரச்சொல்லி டொக்டர் அனுப்பிய கடிதத்தை நான் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டதும் வெளியில் வந்துவிடும். எங்கள் யுத்தத்தில் முகாமிலும் நோயை மறைத்திருக்கிறோம், சொன்னால் குடும்பத்தைவிட்டுப் பிரித்துவிடுவார்கள். ஆனால் சட்டனில் அதைச் சாட்டாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

"வீட்டுக்குள்ள என்னப்பா மப்ளர்? பனியே கொட்டுது?" என்றாள் பரமேசு.

"கழுத்துப் பிடிச்சுப் போட்டுது."

"அப்ப எண்ணெய் பூசிவிடட்டே?"

"வேண்டாம். நீர் உம்மட வேலையைப் பாரும்."

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்தேன். கதிரையில் போட்டுவிட்டுப் போன மப்ளரைக் காணவில்லை. முன்னறையில் டனிலோ அதைத் தன் மொட்டைத் தலையில் தலைப்பாகையாகச் சுற்றி, நுனியை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தான்.

நான் அவனைத் தொடவில்லை. "பரமேசு, அதைக் கழட்டி எடும், பிள்ளையின்ர முகத்தைக் கழுவும்" என்று கத்தினேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். மப்ளரைக் கழற்றி அவனைக் கழுவித் துடைத்துத் தாயிடம் விட்டபிறகுதான் என்னிடம் வந்தாள்.

"பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு இதைத்தானே படிப்பிச்சனியள்? படிச்ச மனிசன் செய்யிற வேலையே இது?"

உடனே ஹெலனுக்குப் போன் எடுத்தேன். அரை மணித்தியாலத்தில் காரோடு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பெண் மருத்துவர் போனில் என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான்: எத்தனை நாள்? மூன்று என்றேன். "இன்று சொன்னது நல்லது. முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது" என்றார். குரலை உயர்த்தவில்லை.

டனிலோவின் இரத்தத்தில் கொப்புளிப்பானுக்கு எதிர்ப்பொருள் (கிருமியை அடையாளம் கண்டு தடுக்கும் புரதம்) இல்லை. தடுப்பு மருந்து கொடுத்தார்கள். தொண்டு நிறுவனம் அன்றைக்கே அவர்களுக்குத் தனியறை ஒன்று ஒழுங்கு செய்தது. இருபத்தொரு நாள் பார்க்க வேண்டும்.

அன்று ஹெலனின் காரில் ஏறமுன், வாசலில் தள்ளி நின்ற என்னிடம் ஒக்சானா தன் உடைந்த ஆங்கிலத்தில் பேசினாள். "என் கணவர் தினமும் போனில் எல்லாம் நலம் என்கிறார். பின்னால் குண்டுச் சத்தம் கேட்கும், இடி என்பார். நீங்களும் நலம் என்றீர்கள். இந்த வீட்டிலாவது எனக்கு உண்மையைச் சொல்லுங்கள்."

இந்த வீட்டிலாவது என்றாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருபத்தொரு நாளையும் கடந்தேன். அதுவரை நன்றியை வாங்கித்தான் பழகியிருந்தேன்; உண்மையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பரமேசு ஒவ்வொரு நாளும் உறைப்பில்லாத உருளைக்கிழங்குப் பிரட்டல் செய்வாள், ஹெலன் வாசலில் வந்து வாங்கிப்போவாள். "இண்டைக்கும் ஒண்டுமில்லையாம்" என்று பரமேசு உள்ளே வந்து சொல்லும்வரை எனக்குத் தேத்தண்ணி இறங்காது.

இருபத்தொன்றாம் நாளும் அவன் உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லை. ஹெலன் போனில் கேட்டாள்: "மேலறை இன்னும் இருக்கிறதா? அவர்கள் திரும்பி வர விரும்புகிறார்கள்."

சிகிச்சையில் இருக்கும் பிள்ளையோடு வாழ்பவர்களுக்கு எழுதுகிறேன். உங்கள் உடம்பில் ஒன்று தெரிந்தால் அந்த நிமிடமே சொல்லுங்கள். உண்மையைக் கேட்பவர்கள் நாம் நினைப்பதைவிடப் பெரிய மனதுக்காரர்கள்.

என் பொருக்குகள் உதிர்ந்துவிட்டன. நரம்பு வலி மிஞ்சியிருக்கிறது. துணி பட்டால் சுடுகிறது. என் உடம்பு எனக்கு மட்டும் சொந்தமானது என்ற நினைப்பும் போய்விட்டது. குளிரிலும் வீட்டுக்குள் கொலர் திறந்த சட்டைதான் போடுகிறேன். திரும்பி வந்துவிட்ட டனிலோ காலையில் கதிரையில் ஏறி நின்று, மருத்துவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, என் கழுத்தை இரு பக்கமும் பார்ப்பான். பிறகு, ஆம், எல்லாம் சரி என்பதற்கு, பரமேசிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லைச் சொல்வான்.

"ஓம்."

அதற்குப் பிறகுதான் எனக்கு விடிகிறது.