நல்ல தண்ணி

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஜோகுபாளையத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்கு நான் அறிவியல் டீச்சர். பாடத்தைத் தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு பயிற்சி முகாமில் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியாத உற்சாகம். மறுவாரமே, தண்ணீரைச் சோதிக்கும் மருந்துத் தாள் போட்ட சின்ன பாட்டில்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "வீட்டுல இருந்து நல்ல தண்ணி பிடிச்சிட்டு வாங்க" என்றேன். சாக்கடை கலந்த தண்ணீர் என்றால் இரண்டு நாளில் பாட்டில் கறுத்துவிடும்.

எங்கள் பக்கம் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி, குழாயில் வருவது நல்ல தண்ணி. அது பெயர்தானே தவிர நற்சான்றிதழ் இல்லை.

ஒரே ஒரு பாட்டில் மையாகக் கறுத்தது. முதல் பெஞ்சுச் சிறுமியுடையது. "சத்தியமா நல்ல தண்ணிதான் டீச்சர், உப்புத் தண்ணி இல்ல" என்று அழுதாள். மாற்றிப் பிடித்து வந்ததாக நான் நினைத்துவிட்டேனோ என்று அவளுக்குப் பயம். அவள் சந்தில் அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரு குழாய்தான்.

நான் விட்டேனா? கன்னடத்தில் மனு எழுதினேன். வகுப்பே கையெழுத்துப் போட்டது. கறுத்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு குடிநீர் வாரிய ஆபீசுக்குப் போனேன். அன்று எனக்கிருந்த பெருமையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரே வாரத்தில் ஆட்கள் வந்தார்கள். குழாயைப் பிடுங்கி, வாயை அடைத்துவிட்டுப் போனார்கள். பைப் எங்கே உடைந்திருக்கிறது என்று தேடக்கூட இல்லை. ஓடிப்போய்க் கேட்டேன். ஆபீசர் ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். "கம்ப்ளெயின்ட் க்ளோஸ் பண்ணிட்டோமே மேடம். ஆயித்து."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அந்தச் சந்துக்காரர்கள் இனி மெயின் ரோட்டைத் தாண்டிப் போய் வேறு தெருக் குழாயில் வரிசை நிற்க வேண்டும். அங்கே தண்ணீர் வருவது காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் சிறுமியின் அம்மா வீட்டு வேலைக்குப் போயிருப்பாள். குடம் மகள் இடுப்புக்கு வந்தது. முதலில் வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். பிறகு வரவேயில்லை.

மனுமேல் மனு கொடுத்தேன். ஒன்றும் அசையவில்லை. ஒரு சாயங்காலம் அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் கோபிக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

"காய்ச்சிக் குடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காய்ச்சிக் குடிச்சிருப்போமே டீச்சர். கறுப்போ வெளுப்போ, வாசல்ல வந்துச்சு."

அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு படித்திருந்தேன்.

மறுநாள் அந்த வரிசைக்கே போனேன். சிறுமி என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"டீச்சர், இந்தத் தண்ணியையும் பாட்டில்ல ஊத்திப் பாக்கலாமா?"

என் பையில் ஒரு பாட்டில் இருந்தது. "வேண்டாம்மா" என்றேன்.