ரெண்டு அடிச்சா சூப்பர்

நான் ஒரு முட்டாள். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, தெரிந்தவர்கள் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அஞ்சாவது படிக்கும்போது எந்த அளவுக்கு முட்டாளாக இருந்தேன் என்பது திண்டிவனத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அந்த வயதில், டிவி காமெடியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல விழுப்புரத்திலேயே என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சேனலில் அரை மணி நேரம் பழைய படக் காமெடியாகப் போடுவார்கள். அக்காவும் நானும் பாயைப் போட்டு உட்கார்ந்து மார்க் போடுவோம். எங்களுக்கென்று கொள்கைகள் இருந்தன. ஒருவன் சேற்றில் விழுந்தால் அரை மார்க். தூக்கப் போனவனும் விழுந்தால் முழு மார்க். கதாநாயகன் காமெடி பண்ணினால் சுழி, அவனுக்கு அது வேலையில்லை. மனைவி துடைப்பத்தைத் தூக்கினால் சேனலை மாற்றிவிட வேண்டும், இது அக்காவின் கொள்கை. ஆனால் அடி வாங்கியவன் எழுந்து, முடியைக் கோதிவிட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து போவான் பாருங்கள், அதற்குத்தான் நூற்றுக்கு நூறு. அக்கா அந்த நடையை அப்படியே நடந்து காட்டுவாள். ஒருமுறை அதைப் பார்த்து அம்மாவுக்குப் புரையேறி, தலையில் தட்டித் தட்டி எனக்குக் கை வலித்தது.

அப்புறம் அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பஸ் போய்விடும். எனக்கு அது வெளிநாடு.

மறுவீட்டுக்கு வந்து திரும்பிப் போகிற அன்று அம்மா அழுதாள், அக்கா அழுதாள், நான் மட்டும் சட்டம் போட்டேன். அங்கேயும் அதே ஆறு மணிக்கு அதே சேனலைப் பார்க்க வேண்டும். காமெடி நல்லா இருந்தால் ஒரு மிஸ்டு கால். சூப்பர் என்றால் ரெண்டு. யாரும் எடுக்கக் கூடாது, எடுத்தால் ஆட்டம் அவுட். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க நாட்டாமை" என்றாள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே செல்போன். ஆறு மணிக்கு அதை டிவி மேல் வைத்துவிடுவேன். முதல் சில நாள் சரியாக வந்தது. பிறகு அக்காவின் ரசனை கெட்டுப்போக ஆரம்பித்தது. சோப்பு விளம்பரத்துக்கு ஒரு மிஸ்டு கால். கதாநாயகன் காமெடிக்கு ரெண்டு. நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா மட்டும் போன் அடிக்கும்போதெல்லாம் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சிரிச்சிக்கினு இருக்குதில்ல, அது போதும்" என்பாள்.

பொங்கல் வந்தது. வரிசை கொண்டுபோய் வைக்க மறுநாள் வருவதாகத்தான் சொல்லியிருந்தோம். அப்பாவுக்கு வேறு வேலை குறுக்கே வந்துவிட்டதால் ஒரு நாள் முன்னாடியே கிளம்பிவிட்டோம். கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை ஒரு பை, புதுப் புடவை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நானும் அப்பாவும் அக்கா வீட்டுக்குள் நுழையும்போது மணி ஆறைத் தாண்டியிருந்தது. அக்காவின் மாமியார், அதாவது அத்தை, ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வாங்க சம்மந்தி, நாளைக்கின்னு இல்ல சொன்னீங்க" என்று எழுந்தார்கள்.

டிவியில் சீரியல் ஓடியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தர் மூச்சு வாங்க, சுற்றி நின்று நாலு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அப்போது அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. எட்டிப் பார்த்தேன். அக்கா தினமும் அடிக்கிற, அத்தையின் நம்பர்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னா தம்பி, வந்ததும் வராததுமா சிரிக்கிற?"

"இல்லீங்க அத்தை, இங்க ஆளு சாவக் கெடக்குது, எங்கக்கா சூப்பர்னு ரெண்டு மிஸ்டு கால் குடுக்குது. டிவியே பாக்காம தெனமும் என்னை ஏமாத்திக்கினு இருந்துருக்குது."

"தெனமுமா?" என்றார்கள் அத்தை.

சமையல்கட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். கையில் அத்தையின் போன், சார்ஜர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைத்தான் பார்த்தாள். அப்பா என் தொடையில் நறுக்கென்று கிள்ளி, "வாய மூடிக்கினு உக்காருடா" என்றார். அத்தை சத்தம் போடவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. போனை வாங்கி, சார்ஜரை டிவி பக்கத்து பிளக்கில் சொருகிவிட்டு, "சம்மந்திக்குக் காப்பி போடும்மா" என்றார்கள். நான் ரெண்டு முறுக்கு தின்றேன். கேஸைக் கண்டுபிடித்த போலீஸ் மாதிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் திரும்பினேன்.

மறுநாள் ஆறு மணிக்குப் பிரமாதமான காமெடி. அடி வாங்கியவன் முடியைக் கோதிக்கொண்டு நடந்து போனான். நூற்றுக்கு நூறு. போன் அடிக்கவில்லை. அதற்கு மறுநாளும் அடிக்கவில்லை. திருட்டு ஆட்டம் ஆடி மாட்டிக்கொண்டவள் எப்படி அடிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா மட்டும் ஆறு மணியானால் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

இப்போது அக்காவிடம் சொந்தமாகவே போன் இருக்கிறது. நான் தினமும் காமெடித் துணுக்குகளாக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். ரெண்டு நாள் கழித்துப் பார்த்துவிட்டு ஒரு சிரிக்கிற மூஞ்சியைப் போட்டு வைப்பாள். அவள் சிரிக்கிற சத்தம்தான் அதில் கேட்பதில்லை. பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாளே, அதற்கு எந்தக் கம்பெனியும் இன்னும் பொம்மை கண்டுபிடிக்கவில்லை.

போன வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனில் கேட்டே விட்டேன்.

"ஏங்கா, அந்த வூட்ல காமெடியே பாக்கல. அப்புறம் எதுக்குத் தெனமும் எனக்கு அடிச்சிக்கினு இருந்த?"

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ எடுப்பியான்னு பாத்தேன்."