கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

என் சாப்பாட்டு மேசைமேல் ஒரு எலுமிச்சம்பழம் கிடக்கிறது. தோலில் இரண்டு நகக்கீறல்கள். நேற்று மதியம் வந்து போனவர் கீறியவை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை, ரசத்தில் பிழியவும் மனம் வரவில்லை. நான் கோத்தகிரிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. வந்து சேர்ந்த அன்றைக்கும் இப்படி ஒரு பழம் இருந்தது. அதைக் கீறியவர் ஒரு தனியார் பஸ் கண்டக்டர்.

அப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ்களில் கண்டக்டர்கள் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். இவர் தோல்பையின் பக்கவாட்டு அறையில் நாலைந்து கிடக்கும். யாருக்கு வாந்தி வரும் என்பது முதல் வளைவிலேயே அவருக்கு முகத்தைப் பார்த்துத் தெரிந்துவிடும். நகத்தால் தோலைக் கீறி, ‘மோந்துட்டே வாங்க, வெளிய பார்க்காதீங்க’ என்று நீட்டுவார். குள்ளமான ஆள். காக்கிச் சட்டை அவருக்கு ஒரு அளவு பெரிதாகவே இருக்கும். பஸ் எப்படி வளைந்தாலும் மேலே இருக்கிற கம்பியை அவர் பிடித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு வாரத்துக்கு முன்தான் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. கணவர் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் குமாஸ்தா, வேறு சாதி. அதற்குமேல் எங்கள் வீட்டில் எதையும் விசாரிக்கவில்லை. அவருக்கு லீவு கிடைக்காததால் அவர் முன்னால் போய்விட்டார். நான் தோழி வீட்டில் ஒளிந்திருந்து, ஒரு துணிப்பையோடு காலை பஸ்ஸில் ஏறினேன். அவர் கோத்தகிரி பஸ் நிலையத்தில் காத்திருப்பதாக ஏற்பாடு.

பாதி மலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நிற்கும். அங்கேதான் எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கியவர்களில் முதல் ஆள் என் பெரியப்பா மகன். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டிய அண்ணன். கூட அவன் கூட்டாளிகள் மூன்று பேர். நான் பஸ் ஏறியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். என்னை இழுத்துக்கொண்டு போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே யாருக்காவது கட்டி வைத்துவிடுவார்கள். அதற்கு நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊரில் ஒரு பெண் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். துணிப்பையை மடியோடு இழுத்து அணைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார். குனிந்து, “அவங்க கூடப் போகோணுங்களா அம்மிணி?” என்று கேட்டார்.

“வேண்டாங்க.”

“செரி.”

அவ்வளவுதான் கேட்டார். யார், எவர், என்ன சாதி, எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை என்பது பிறகு யோசித்தபோதுதான் உறைத்தது.

பஸ்ஸுக்குப் பின்பக்கம் ஒரே கதவு. நாலு பேரும் அதில் ஏறினார்கள். இரண்டு நிமிஷத்தில் என்னை இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நாலாவது ஆள் காலை உள்ளே வைத்ததும் கண்டக்டர் விசிலை இரண்டு தடவை ஊதினார். பஸ் கிளம்பிவிட்டது. ஓட்டிவந்தவனும் ஏறிவிட்டதால் கார் கீழேயே நின்றது.

நான் முன்பக்கம் மூன்றாவது சீட். அதற்கு ஒரு சீட் பின்னால் அவர் நடைவழியை அடைத்துக்கொண்டு நின்றார். முதுகு டிரைவர் பக்கம், முகம் அவர்கள் பக்கம். இரண்டு பக்கமும் சீட்டு, தரையில் வெங்காய மூட்டைகள். “எங்க ஊட்டுப் புள்ளை. வழிய விடு” என்றான் அண்ணன். “மொதல்ல டிக்கெட் எடுங்க” என்றார் இவர். அண்ணன் ஓங்கி வாயில் குத்தினான். அது நேரான ரோடு, குத்து சரியாக விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. அவர் திருப்பி அடிக்கவில்லை. தோல்பையை இழுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு காலை அகட்டி, இடுப்பைச் சீட்டு ஓரத்தில் சாய்த்து நின்றார்.

வளைவுக்கு முன் டிரைவர் ஹார்ன் அடித்தார். மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் அடிப்பது வழக்கம். ஹார்ன் கேட்டதும் கண்டக்டரின் முட்டி லேசாக மடங்கியது. ரோட்டைப் பார்க்காமலே அவருக்கு எந்த வளைவு, எந்தப் பக்கம் என்று தெரியும். இவர்கள் சமவெளி ஆட்கள். பஸ் என்றால் மேல்கம்பியைப் பிடித்து நிற்பது என்று பழகியவர்கள். அடிக்க வேண்டுமானால் கம்பியை விட வேண்டும். கம்பியை விட்டால் வளைவு சும்மா விடாது. அண்ணன் இரண்டாவது குத்துக்குக் கையை ஓங்கிய நேரத்தில் பஸ் திரும்பியது. இவர் பையால் ஒரு தள்ளுத்தான் தள்ளினார். அண்ணன் மூட்டைமேல் மல்லாந்தான். அவனைத் தாண்டி வந்தவன் அடுத்த ஹார்னுக்கு ஒரு எஸ்டேட் அம்மாவின் மடியில் போய் விழுந்தான். இலங்கையிலிருந்து வந்த அம்மா. “எழும்புங்க தம்பி, பிள்ளைக்குப் பால் போத்தல் இருக்கு” என்றார், கொஞ்சமும் பதறாமல். மூன்றாவது ஆள் சீட்டு முதுகுகளில் ஏறி வரப் பார்த்தான். வளைவில் மண்டை கூரைக்கம்பியில் இடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். டிரைவர் அன்றைக்கு வளைவுகளில் வேகம் குறைக்கவே இல்லை. நாங்களும் முன்சீட்டுக் கம்பியை விடவில்லை. நாலாவது ஆள் சண்டைக்கே வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் வயிறு முட்டப் புரோட்டா தின்றுவிட்டு ஏறியிருக்கிறான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவன் உள்ளே எடுக்கவில்லை.

ஏழெட்டு வளைவு போயிருக்கும். அண்ணனுக்கும் குமட்ட ஆரம்பித்து, முகம் வெளுத்து மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டான். கண்டக்டர் நாலு டிக்கெட் கிழித்தார். அண்ணன் காசை எண்ணிக் கொடுத்தான். பிறகு ரத்தக் கையாலேயே ஒரு பழத்தை எடுத்து, கீறி, அண்ணனிடம் நீட்டினார். அவன் வாங்கி மோந்தான். ஒரு டீக்கடை வாசலில் விசிலடித்து, “கீழ போற பஸ் இப்ப வருமுங்க” என்று சொல்லி நாலு பேரையும் இறக்கிவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “அவனுக்கு எதுக்குங்க பழம்?” என்று கேட்டேன்.

“டிக்கெட் எடுத்துட்டாருங்களே அம்மிணி” என்றார். நாலு பேரைத் தனியாளாக எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டதற்கு, “நாலு பேர் எங்கீங்க? இந்தச் சந்துல ஒருத்தனுக்கு மேல நிக்க முடியாது. ஒருத்தனே நாலு தடவை வந்தான், அவ்வளவுதானுங்க” என்று துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். முன்பல் ஒன்று போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் விசில் சத்தம் மாறிவிட்டது. பல் போன இடத்தில் காற்று ஒழுகும். எங்கள் வீட்டுக்குக் கீழ்வளைவில் அந்த இளைத்த விசில் கேட்டால் அடுப்படியிலிருந்தே அவர்தான் என்று தெரிந்துகொள்வேன். அவர் ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குப் பொங்கல் அவர் வீட்டுக்குப் போய்வருவோம். நன்றி என்று ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது அவர் இல்லை.

நேற்று வாசலில் வந்து நின்றவர் அதே அண்ணன். எழுபது தாண்டிவிட்டது. என் அம்மா இறந்தபோது சேதி சொல்லவிடாமல் செய்தவர் அவர்தான். அதை நான் மறக்கவில்லை. வளைவுகளில் வந்த களைப்பில் முகம் வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பஸ்லதான் வந்தேன். இந்தத் தடவை உக்காந்துட்டு வந்தேன்” என்றார். நான் சிரிக்கவில்லை.

“அந்தக் கண்டக்டரைப் பார்க்கோணும். பல்லு போச்சுன்னு அப்பறம் சொன்னாங்க. மன்னிப்புக் கேக்கோணும்.”

“போயிட்டாருங்க. ஆறு வருஷமாச்சு.”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கால் அடுப்படிக்குப் போய், கை கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்துவிட்டது. கொண்டுவந்து நீட்டினேன். அவர் நகத்தால் கீறி, மூக்கருகே வைத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.