பிற்பகல் இரண்டு மணி

ரெஜினா அக்காவின் தம்பி அருளின் அழைப்பு வந்தபோது தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். “அக்கா போயிருச்சு. நாளைக்குக் காலைல அகரத்துல அடக்கம்” என்றான். மீதித் தாள்களையும் திருத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ரெஜினா அக்காவைத் திண்டுக்கல்லில் பலருக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில், இரண்டு கணினிகள் வைத்து டி.டி.பி. கடை நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, ஜெபக்கூட்ட நோட்டீஸ், ஆய்வேடு எல்லாம் அங்கே அச்சுக்குத் தயாராயின. நான் எம்.ஃபில். படித்த காலத்தில் அங்கே பகுதிநேரமாகப் பிழை திருத்தினேன். கணினி பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்.

அவர் ஒரு நாவல் எழுதினார் என்பது சிலருக்கே தெரியும். கொடைரோடு நிலையத்தில் ரயில் ஜன்னல்களுக்குப் பழம் விற்கும் பெண்களைப் பற்றியது. நேரடியாகக் கணினியில்தான் எழுதுவார். தாளில் எழுதச் சொன்னேன். “நாள் பூரா அடுத்தவன் கையெழுத்தப் பாத்து அடிக்கிறேன். பேனாவ எடுத்தா அவனுக பேசுற மாதிரியே வருது” என்றார்.

ஒவ்வொரு நாளும் எழுதியதை ஃபிளாப்பியில் நகல் எடுப்பார். இரண்டு ஃபிளாப்பிகள், ஒன்று கடையில், ஒன்று கைப்பையில். எனக்கு அது பழைய முறையாகத் தோன்றியது. இரண்டாயிரத்து ஒன்றில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, தினமும் தானாகவே நகல் எடுக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். வேலை நேரத்தில் கணினி மெதுவாகிவிடக் கூடாது என்பதால் சாப்பாட்டு நேரமான பிற்பகல் இரண்டு மணி என்று குறித்தேன்.

அவர் நம்பவில்லை. “தானா நடக்குமா? எங்க வீட்ல தானா நடக்குற ஒரே காரியம் பால் பொங்கி வழியிறதுதான்.”

முதல் நாள் இரண்டு மணி வரை உட்கார வைத்துக் காட்டினேன். நகல் வந்தது. இனி ஃபிளாப்பி வேண்டாம் என்றேன். பெருமையோடு சொன்னேன். அப்போது நாவலில் ஐந்து அத்தியாயங்கள் முடிந்திருந்தன.

அக்காவுக்கு ஒரு பழக்கம். ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் கணினிகளை முறையாக மூடி, மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். மூன்று மணிக்குத்தான் ஏற்றுவார். அந்த மாடியின் வெயிலுக்கு அது நியாயம்தான். “மெஷினும் செத்த நேரம் ஆறட்டும் அப்பு” என்பார். எத்தனையோ நாள் அவர் சுவிட்சை இறக்கும்போது பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு காலையில் முதல் டிஸ்க்கில் டக்டக்கென்று சத்தம் வந்தது. பிறகு அது திறக்கவில்லை. பயப்பட வேண்டாம் என்று சொல்லி இரண்டாவதைத் திறந்தேன். ஒரே ஒரு நகல். நான் அமைத்துக் காட்டிய நாளின் தேதி.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குக் கணினி அணைந்தே இருந்திருக்கிறது. தவறிய நகலைப் பற்றி அது எந்த எச்சரிக்கையும் தரவில்லை. நானும் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

அக்கா தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான்ல மத்தியானம் மெயின இறக்கிப் போடுறேன்” என்றார்.

நான் தலையாட்டினேன்.

அந்த நாளுக்குப் பிறகு எழுதிய பதினான்கு அத்தியாயங்கள் போயின. மதுரைக்கு எடுத்துப்போன டிஸ்க்கும் திரும்பி வந்தது, ஒன்றும் மீளவில்லை. வாடிக்கையாளர்களிடம் அவரே இதைச் சிரித்தபடி சொல்வார். அடித்ததன் நகலை ஃபிளாப்பியில் வாங்காமல் எவரையும் படியிறங்க விடமாட்டார். “என் புத்தி மாதிரி ஒங்களுக்கும் இருந்துறப் போவுது” என்பார். மறுபடி எழுதச் சொன்னால் பேச்சை மாற்றுவார். சில ஆண்டுகளில் எனக்கு வேலை கிடைத்து ஊரைவிட்டு வந்துவிட்டேன்.

சென்ற மாதம் மருத்துவமனையில் பார்த்தேன். மெலிந்திருந்தார். ஊரில் மழை உண்டா என்று கேட்டார். நான் அதற்குப் பதில் சொல்லாமல், நீங்கள் மெயினை அணைப்பது எனக்கும் தெரியும், தெரிந்திருந்தும் இரண்டு மணி என்று வைத்தது நான்தான் என்றேன். ஐந்து ஆண்டுகள் தாமதம்.

குரலில் கோபமே இல்லை.

“அத அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல அப்பு. நாந்தான் கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சு நெனச்சுத்தான் திரும்ப உக்காரவே இல்ல.”

அடக்கத்தன்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: “பாவம், கரண்ட்ட அமத்தி அமத்தியே எழுதுனதத் தொலைச்சவ.” பலர் தலையசைத்தார்கள். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் இனி அப்படிச் சொல்ல வேண்டாம். டிஸ்க் கெட்டதில் அவருக்குப் பதினான்கு அத்தியாயங்கள்தான் போயின. மற்றதெல்லாம் நான் தலையாட்டியதில் போனது.

என்னிடம் அவருடையதாக ஐந்து அத்தியாயங்கள் இருக்கின்றன. ஐந்தாவதின் முடிவில் மதுரை வண்டி நிற்காமல் போகிறது. கூடையை இறக்காமல் பெண்கள் நிற்கிறார்கள். ஆறாவதில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அன்று மருத்துவமனையில் கேட்டிருக்கலாம். நேரம் இருந்தது. அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்பதையே நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.